அரசர் பெயரும் சத்திரத்துச் சோறும்

பேராசிரியர் சி. இலக்குவனாரின் வாழ்க்கைக் குறிப்பை எந்த நூலில் படித்தாலும் மூன்று ஊர்ப்பெயர்கள் அடுத்தடுத்து வரும். நடுநிலைப் பள்ளி இராஜாமடம். உயர்நிலைப் பள்ளி ஒரத்தநாடு. வித்துவான் படிப்பு திருவையாறு அரசர் கல்லூரி. 1909இல் வாய்மேட்டில் பிறந்து, சிறுவயதிலேயே தந்தையை இழந்த பிள்ளை, அன்றைய தஞ்சை மாவட்டத்துக்குள்ளேயே ஊர் ஊராகத் தங்கிப் படித்தார். பின்னாளில் தொல்காப்பியத்தை ஆங்கிலத்தில் பெயர்த்தார். அந்தப் பிள்ளைக்குத் தங்க இடமும் உண்ணச் சோறும் கொடுத்தது யார்? மூன்று ஊர்ப்பெயர்களையும் ஒருசேரப் பார்த்தபோது எனக்கு எழுந்த கேள்வி இதுதான். மூன்றுமே மராட்டிய அரசர் காலத்துச் சத்திரம் இருந்த ஊர்கள். மூன்று பள்ளிகளுக்குப் பின்னாலும் ஒரே பணப்பெட்டி இருக்க வேண்டும் என்று பட்டது. அந்தப் பெட்டியைத் திறந்து வைத்தவர் யார் என்று தேடத் தொடங்கினேன்.

தஞ்சை வட்டாரத்தில் எதைத் தேடினாலும் முதலில் புரட்ட வேண்டியது 1906இல் எஃப். ஆர். ஹெமிங்வே தொகுத்த மாவட்ட விவரச்சுவடி. இராமேசுவரம் போகும் சேதுச் சாலையை ஒட்டி மராட்டிய அரசர்கள் வரிசையாகச் சத்திரங்கள் கட்டினார்கள். காசியிலிருந்தும் மராட்டிய நாட்டிலிருந்தும் மாதக்கணக்கில் நடந்து வரும் பயணிகளுக்கு ஒரு நாள் நடைத் தொலைவுக்கு ஒன்று என்று சொல்லும் அளவுக்குச் சோறும் நிழலும் இருந்தன. ஒவ்வொரு சத்திரத்துக்கும் கிராமங்கள் எழுதி வைக்கப்பட்டன. அவற்றின் விளைச்சல்தான் சத்திரத்தின் உயிர். இந்தச் சத்திரங்களில் பலவற்றுக்கு அரச குடும்பத்துப் பெண்களின் பெயர்தான் சூட்டப்பட்டது. நீடாமங்கலத்தில் இருப்பது யமுனாம்பாள் சத்திரம். பிரதாபசிம்மனின் அரசி பெயர் அது. மீமிசலில் இராஜகுமாராம்பாள் சத்திரம். போர்க்களத்தில் வென்ற பெயர்களைக் கல்லில் வெட்டிக்கொண்ட அரசர்கள், சோறு போடும் இடத்துக்கு மட்டும் வீட்டுப் பெண்களின் பெயரை வைத்தார்கள். அந்தப் பெண்களைப் பற்றி வரலாற்று நூல்கள் பெரும்பாலும் ஒரு வரியோடு நிறுத்திக்கொள்கின்றன. சத்திரம் இல்லாவிட்டால் அந்த ஒரு வரியும் நமக்குக் கிடைத்திருக்காது.

சத்திரத்துக்குள் பள்ளிக்கூடம் எப்படி வந்தது என்பதற்கு மிக வலுவான சாட்சி, இரண்டாம் சரபோஜி 1801இல் தஞ்சை ரெசிடெண்ட் பெஞ்சமின் டோரினுக்கு எழுதிய கடிதம். அதன் பின்னணியைச் சொல்லாமல் கடிதத்தைப் படிக்க முடியாது. 1798இல் அரியணை ஏறிய சரபோஜி, அடுத்த ஆண்டே ஒரு உடன்படிக்கையில் கையெழுத்திட்டு நாட்டின் நிர்வாகத்தைக் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் கொடுத்துவிட்டார். அவருக்கு மிஞ்சியது தஞ்சைக் கோட்டையும், ஆண்டுக்கு ஒரு லட்சம் பகோடாவும், நிகர வருவாயில் ஐந்தில் ஒரு பங்கும். படை இல்லை, வரி வசூல் இல்லை, நீதி வழங்கும் அதிகாரம் இல்லை. அந்த நிலையில் 24 வயதைக்கூடத் தாண்டாத ஒரு அரசன், தன் முன்னோர் வைத்த சத்திரங்களுக்குக் கேடு வந்துவிடக் கூடாது என்று மன்றாடி எழுதிய கடிதம் அது.

பார்ப்பனர் முதல் கடைக்கோடிச் சாதியார் வரை, யோகிகள், பரதேசிகள் என வரும் எல்லோருக்கும் சத்திரத்தில் சோறு உண்டு என்று அதில் விவரிக்கிறார். நள்ளிரவு வரை அன்னம் வழங்கப்படும். அதன்பின் மணி அடித்து, இன்னும் சாப்பிடாதவர் யாரேனும் இருந்தால் வரும்படி அழைப்பார்கள். வழியில் நோயுற்றவரை மருத்துவர் பார்ப்பார். கருவுற்ற பெண்ணுக்குப் பேறுகாலம் அங்கேயே வந்துவிட்டால் கவனிக்க ஆள் உண்டு. கைக்குழந்தைகளுக்குப் பால் உண்டு. இறந்தவருக்கு அவரவர் முறைப்படி ஈமக்கடன் உண்டு.

என் தேடலுக்கு வேண்டிய பகுதி இதற்குப் பிறகு வருகிறது. சத்திரத்தில் நான்கு வேதங்களுக்கும் ஆசிரியர்கள் இருந்ததோடு, தனியாக ஒரு பள்ளி ஆசிரியரும் இருந்தார். சத்திரத்துக்கு வந்த இடத்தில் பெற்றோரை இழந்த பிள்ளைகள் அந்த ஆசிரியரின் பொறுப்பில் விடப்பட்டார்கள். அவர்களுக்கு நாளுக்கு மூன்று வேளை உணவு, நான்கு நாளைக்கு ஒருமுறை எண்ணெய்க் குளியல், துணிமணி, மருந்து. எந்தக் கல்வியில் நாட்டம் என்று பிள்ளை சொல்கிறதோ அந்தக் கல்வியைக் கற்றுக்கொடுத்தார்கள். படித்துத் தேறிய பின் திருமணச் செலவையும் சத்திரமே ஏற்றது. நான்கு நாளைக்கு ஒருமுறை எண்ணெய்க் குளியல் என்பதை ஒரு அரசன் கம்பெனி அதிகாரிக்கு எழுதும் கடிதத்தில் சேர்க்கிறான் என்றால், அந்தச் சத்திரங்களின் அன்றாடத்தை அவன் நேரில் அறிந்திருந்தான் என்றுதான் கொள்ள வேண்டும். அரச ஆவணங்களில் இப்படி ஒரு வரி கிடைப்பது அரிது.

அநாதைப் பிள்ளையை மாணவனாக ஏற்றுக்கொள்ளும் ஏற்பாடு 1801க்கு முன்பே சத்திரங்களில் இருந்தது என்பது இதனால் உறுதியாகிறது. அடுத்தது ஒரத்தநாடு.

தஞ்சையிலிருந்து பட்டுக்கோட்டை போகும் சாலையில் உள்ள ஒரத்தநாட்டுக்குப் பழைய ஆவணங்களில் முக்தாம்பாள்புரம் என்று பெயர். சத்திரத்தின் பெயரும் முக்தாம்பாள் சத்திரம். முன்னோர் கட்டிய சத்திரங்களுக்காக 1801இல் வாதாடிய சரபோஜி, 1802ஐ ஒட்டித் தாமே எழுப்பியது இது. சரபோஜியின் அரசியர் யமுனாபாயும் அகல்யாபாயும். முக்தாம்பாள் அரசி அல்லர், மணமுடிக்காத அன்புக்குரியவர். இளவயதிலேயே இறந்துபோனார். சாகும் தறுவாயில், தன் பெயர் நிற்கும்படி ஒரு சத்திரம் கட்ட வேண்டும் என்று அவர் கேட்டுக்கொண்டதாகத் தஞ்சையில் இன்றும் சொல்வார்கள். அந்தக் கடைசிச் சொற்களுக்கு ஆவணச் சான்று தேடுவது வீண்வேலை. ஆனால் ஒன்றை ஆவணம் இல்லாமலே சொல்லிவிடலாம். பெரும்பாலும் அரச குடும்பத்துப் பெண்களுக்குக் கிடைத்துவந்த ஒரு சிறப்பை, அரண்மனை வரிசையில் இடமில்லாத ஒரு பெண்ணுக்கு, ஓர் ஊரின் பெயரையே மாற்றிக் கொடுத்திருக்கிறார் சரபோஜி.

சத்திரத்தைப் போய்ப் பார்க்க வேண்டும். முகப்பு தேர்போல அமைந்தது. கல்லில் செதுக்கிய குதிரைகளும் யானைகளும் அதை இழுத்துச் செல்வதுபோல் நிற்கும். உள்ளே முற்றங்களும் வேலைப்பாடு கொண்ட மரத்தூண்களும் இரண்டு தளமும் உண்டு. சோறு போடும் இடத்தை ஒரு அரண்மனைக்குரிய அக்கறையோடு கட்டியிருக்கிறார்கள். இன்று அது படும் பாட்டைப் பார்க்கிற எவருக்கும் மனம் கனக்கும்.

முக்தாம்பாள்புரத்தைப் பற்றிய முதல்நிலைச் சான்றுகள் பெரும்பாலும் மோடி எழுத்தில் உள்ளன. மராட்டி மொழியை வேகமாக எழுதுவதற்கு வந்த எழுத்துமுறை அது. எழுதுபவர் முதலில் தாளின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரு கோடு இழுத்துவிடுவார். பிறகு அந்தக் கோட்டிலிருந்து தொங்கவிட்டதுபோல எழுத்துகளைப் பேனாவை எடுக்காமல் ஓட்டிக்கொண்டே போவார். சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளி இராது. எங்கே ஒரு பெயர் முடிந்து எங்கே ஒரு தொகை தொடங்குகிறது என்று கண்டுபிடிப்பதே பாதி வேலை. நாகரி எழுத்து நன்றாகத் தெரிந்தவரும் மோடித் தாளின் முன் எழுத்தறியாதவர்தான். தஞ்சை அரண்மனையின் நிர்வாகக் காகிதங்கள் இந்த எழுத்தில் கட்டுக்கட்டாகச் சரசுவதி மகால் நூலகத்தில் இருக்கின்றன. தமிழ்ப் பல்கலைக்கழகம் 1980களில் அவற்றில் ஒரு பகுதியைத் தமிழாக்கி மூன்று தொகுதிகளாக வெளியிட்டது. அதற்குச் சற்று முன் கே. எம். வேங்கடராமையா, மராட்டியர் கால அரசியலையும் சமுதாய வாழ்க்கையையும் பற்றி இதே காகிதங்களை வைத்துப் பெருநூல் ஒன்று எழுதினார். மோடி படிக்கத் தெரியாத எங்களைப் போன்றவர்கள் இந்த உழைப்பின் மேல் நின்றுதான் பேசுகிறோம்.

இந்த ஆவணங்களில் ஆண்டு கணக்கிடுவதில் ஒரு சிக்கல் உண்டு. பல காகிதங்கள் சுகூர் ஆண்டைத்தான் தருகின்றன. தக்காணத்து அரசுகளில் வழங்கிய கணக்கு அது. எண்களை அரபுச் சொற்களால் எழுதுவார்கள். சுகூர் ஆண்டோடு 599 கூட்டினால் நம் ஆண்டு வரும். ஆனால் அந்த ஆண்டு பிறப்பது கோடையில், சூரியன் மிருகசீரிடத்தில் புகும்போது. ஆகவே ஜனவரிக்கும் மே மாதத்துக்கும் இடையில் எழுதிய காகிதமானால் 600 கூட்ட வேண்டும். முக்தாம்பாள் சத்திரமோ வேறு எந்த அறக்கட்டளையோ, நூலுக்கு நூல் ஓர் ஆண்டு முன்பின்னாக வருவதைக் கண்டால் வாசகர் குழம்ப வேண்டாம். பெரும்பாலும் இந்தக் கூட்டல் கணக்குதான் காரணமாக இருக்கும்.

முக்தாம்பாள்புரத்தில் என்ன கற்றுக்கொடுத்தார்கள்? சரபோஜியின் பள்ளிகளைப் பற்றித் தனியாக ஆராய்ந்து எழுதிய இந்திரா விஸ்வநாதன் பீட்டர்சன், பழைய பாடசாலைக் கல்வியையும் புதிய ஐரோப்பியக் கல்வியையும் ஒரே குடைக்கீழ் கொண்டுவர முயன்ற ஓர் அரசனைக் காட்டுகிறார். தமிழ், தெலுங்கு, மராட்டி, வடமொழி, பாரசீகம், ஆங்கிலம் எல்லாவற்றுக்கும் இடமிருந்தது. இதில் வியப்படைய ஒன்றுமில்லை. சரபோஜியே இரு கல்விகளிலும் வளர்ந்தவர். வாரிசுச் சண்டையில் சிக்கிய சிறுவனைப் பாதுகாத்துப் படிக்கவைத்தவர் ஜெர்மானியப் பாதிரியார் ஷ்வார்ட்ஸ். தஞ்சை, இராமநாதபுரம், சிவகங்கை ஆகிய மூன்று ஊர்களிலும் அரசர்களின் ஆதரவோடு 1780களில் ஆங்கிலப் பள்ளிகள் எழுந்ததற்கும் ஷ்வார்ட்ஸ்தான் காரணம். 1798இல் அவர் இறந்தபின் சரபோஜி இலண்டன் சிற்பி ஃபிளாக்ஸ்மனைக் கொண்டு பளிங்கில் ஒரு நினைவுச் சிற்பம் செய்வித்தார். படுக்கையில் கிடக்கும் குருவின் கையை அரசன் பற்றிக்கொண்டிருக்கும் அந்தச் சிற்பம் இன்னும் தஞ்சைச் சிவகங்கைப் பூங்காவை ஒட்டிய தேவாலயத்தில் இருக்கிறது. 1826இல் தஞ்சைக்கு வந்த பிஷப் ஹீபர், லவாசியே, லின்னேயஸ், புஃபோன் என்று ஐரோப்பிய அறிவியலாரை எல்லாம் சரளமாக எடுத்துப் பேசும் அரசனைக் கண்டு வியந்து எழுதிவைத்தார்.

பள்ளிப் பிள்ளைகளுக்குப் புத்தகம் வேண்டும். அதற்காகச் சரபோஜி 1805இல் அரண்மனையில் நாகரி அச்சுக்கூடம் ஒன்றை நிறுவினார். அங்கே 1806இல் வெளிவந்தது ‘பாலபோத முக்தாவளி’. சக்கண பண்டிதர் மராட்டியில் தந்த ஈசாப் கதைகள் அவை. கிரேக்க நாட்டு நரியும் காகமும் ஆமையும் முயலும், மராட்டி பேசிக்கொண்டு, காவிரிக் கரையில், ஒரு தமிழ்நாட்டு அரண்மனையில் அச்சேறின. இந்தியாவில் நாகரி எழுத்தில் அச்சான தொடக்ககால நூல்களில் ஒன்று இது.

நூலின் தலைப்பில் உள்ள முக்தா என்பதைக் கண்டதும் முக்தாம்பாளின் பெயரைத்தான் சரபோஜி இதிலும் பொதிந்து வைத்தாரோ என்று நினைக்கத் தோன்றும். சத்திரம் எழுந்து நான்கே ஆண்டுகளில் வந்த நூல். சத்திரத்துப் பள்ளிகளுக்கும் பயன்பட்டிருக்கக்கூடிய நூல். கதையாகச் சொன்னால் மனத்தில் ஒட்டிக்கொள்ளும். ஆனால் முக்தாவளி என்று முடியும் தலைப்பு வடமொழி நூலுலகில் நெடுங்காலமாக வழங்கிவருவது. நியாய சாத்திரம் படித்த எந்தப் பண்டிதருக்கும் சித்தாந்த முக்தாவளி தெரியும். வேறு சான்று கிடைக்காதவரை இந்த முடிச்சைப் போடக் கூடாது என்பதே என் முடிவு. அரச குடும்பத்துக் காதல் கதைகளை ஆவணத்தின்மேல் ஏற்றி எழுதும் பழக்கத்தால் தஞ்சை வரலாறு ஏற்கெனவே நிறைய இழந்திருக்கிறது.

காதல் கதையைவிட உறுதியான ஒன்று மிஷன் அறிக்கைகளில் இருக்கிறது. ஒரத்தநாட்டை அடுத்த கண்ணந்தங்குடியில் 50 ஏழைக் கிறிஸ்தவப் பிள்ளைகளை உண்ணவைத்துப் படிக்கவைக்கும் அறக்கட்டளை ஒன்றைச் சரபோஜி ஏற்படுத்தியதாக 1807ஐ ஒட்டித் தஞ்சை மிஷனரிகள் தங்கள் சங்கத்துக்கு எழுதினார்கள். மிஷனரிகளுக்கு இந்து அரசன் ஒருவனைப் புகழ வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. எனவே இந்தச் சாட்சியத்துக்கு எடை அதிகம். வேதபாடசாலையும், தமிழ்ப் பள்ளியும், கிறிஸ்தவப் பிள்ளைகளுக்கான பள்ளியும் ஒரே வட்டாரத்தில் ஒரே அரசனின் செலவில் நடந்தன.

அடுத்த சாட்சி சென்னை அரசாங்கம். ஆளுநர் தாமஸ் மன்றோ 1822 ஜூனில், மாகாணத்தில் எத்தனை பள்ளிகள், யார் படிக்கிறார்கள், செலவை யார் தருகிறார்கள் என்று மாவட்ட ஆட்சியர்களிடம் கணக்குக் கேட்டார். தஞ்சை ஆட்சியர் காட்டன் அனுப்பிய பதிலில் 884 பள்ளிகளும் 109 உயர்கல்விச் சாலைகளும் வருகின்றன. கட்டணம் வாங்கும் பள்ளிகளே மிகுதி. கட்டணமில்லாப் பள்ளிகள் எனக் குறித்தவற்றில் பெரும்பங்கை மிஷனும் அரசரும் நடத்தினார்கள். மாகாணம் முழுவதற்குமாக மன்றோ 1826இல் கூட்டிச் சொன்ன கணக்கு 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள். பெண் குழந்தைகளின் எண்ணிக்கை அதில் மிகச் சொற்பம். இந்தப் பழைய அறிக்கைகளைத் தேடியெடுத்து 1983இல் நூலாக்கிய தரம்பாலுக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும். கம்பெனி வருவதற்கு முன் இங்கே பள்ளியே இல்லை என்ற பேச்சும், எல்லோருக்கும் எல்லாக் கல்வியும் கிடைத்தது என்ற பேச்சும் இந்த எண்களின் முன் நிற்கமாட்டா.

1832இல் சரபோஜி இறந்தார். அவர் மகன் சிவாஜி 1855 அக்டோபரில் ஆண் வாரிசு இல்லாமல் இறந்ததும் தஞ்சை அரசு கம்பெனியோடு சேர்க்கப்பட்டது. அடுத்த ஆண்டு அரண்மனைச் சொத்துகள் முத்திரையிடப்பட்டன. அரசி காமாட்சிபாய் வழக்காடினார். வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 1859இல் அரசி தரப்புக்குப் பாதகமாக முடிந்தது. சத்திரங்கள் அரசாங்கத்தின் கைக்கும், பிறகு உள்ளாட்சி அமைப்பான மாவட்டக் கழகத்தின் கைக்கும் போயின.

இந்த இடத்தில் இரயில் குறுக்கே வருகிறது. நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சைக்கு 1861இலேயே இரயில் வந்துவிட்டது. 1914இல் பாம்பன் பாலம் திறந்தபின் இராமேசுவரம் வரை உட்கார்ந்தே போகலாம் என்றாயிற்று. மாதக்கணக்கில் நடந்துவந்த சேதுப் பயணி மறைந்தார். கிராமங்களின் நெல் மட்டும் ஆண்டுதோறும் சத்திரக் கணக்குக்கு வந்துகொண்டே இருந்தது. அந்த வருவாயை எதற்குச் செலவிடுவது என்ற கேள்வி எழுந்த நாளில்தான் இலக்குவனாரின் பள்ளிக்கூடம் பிறந்தது என்று நான் கருதுகிறேன்.

திருவையாற்றில் சத்திரப் பணத்தில் 1881இல் வடமொழிக் கல்விச்சாலை ஒன்று தொடங்கியது. அரசர் பெயரால் நடந்தாலும் தமிழுக்கு அங்கே இடம் இல்லை. ஆறு பாடல் பெற்ற தலங்களைச் சுற்றிலும் வைத்திருக்கும் ஊரில், அப்பரும் சம்பந்தரும் சுந்தரரும் தமிழில் பாடிய கோயிலின் அருகில், ஊர் நெல்லை விற்ற காசில் தமிழ் கற்க முடியாது என்ற நிலை. கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் உமாமகேசுவரனார் இதை எதிர்த்துக் குரல் கொடுத்தார். 1920களில் மாவட்டக் கழகத் தலைவராக இருந்த ஏ. டி. பன்னீர்செல்வம் செயலில் இறங்கினார். நீதிக்கட்சியின் தலைவர்களில் ஒருவர். திருவாரூரை அடுத்த செல்வபுரத்துக்காரர். 1940 மார்ச் 1ஆம் தேதி இலண்டனுக்குப் போகும் வழியில், ஹானிபால் என்ற விமானத்தோடு ஓமன் வளைகுடாப் பகுதியில் காணாமல் போனவர் அவரே.

அறக்கட்டளை வடமொழிக்கு மட்டுமே உரியது, தமிழைச் சேர்த்தால் அரசரின் கட்டளையை மீறியதாகும் என்று எதிர்த்தவர்கள் சொன்னார்களாம். பன்னீர்செல்வம் மூல ஆவணத்தை வரவழைத்து, மராட்டி தெரிந்தவரைக் கொண்டு படிக்கச் செய்தாராம். அதில் கல்விக்கு என்றுதான் பொதுவாக இருந்ததே தவிர, வடமொழிக்கு மட்டும் என்று எங்கும் இல்லை என்று தெரிந்ததாம். கரந்தை வட்டாரத்தில் தலைமுறையாகச் சொல்லிவரும் செய்தி இது. என்னைப் போன்ற ஒருவன் செய்யும் வேலையை ஒரு மாவட்டக் கழகத் தலைவர் செய்து, அதன் பலனாக ஒரு கல்லூரியின் கதவு திறந்தது என்பதைக் கேட்கவே மகிழ்ச்சியாக இருக்கிறது. ஆனால் மகிழ்ச்சி சான்று ஆகாது.

இந்தச் செய்தியை உரசிப் பார்க்க என்னிடம் இருந்தது டோரினுக்குச் சரபோஜி எழுதிய கடிதம். சத்திரத்துப் பிள்ளை எந்தக் கல்வியை விரும்புகிறதோ அதைக் கற்பித்தோம் என்று அரசரே 1801இல் எழுதியிருக்கிறார். வேத ஆசிரியர்களையும் பள்ளி ஆசிரியரையும் தனித்தனியாகக் குறிப்பிடுகிறார். முக்தாம்பாள்புரத்தில் தமிழ் உட்படப் பல மொழிகள் கற்பிக்கப்பட்டன. ஆக, தஞ்சை அரசர்களின் சத்திரக் கல்வி வடமொழிக்கு மட்டுமே ஆனது என்ற வாதம் அரசரின் சொந்த எழுத்தின் முன்னே விழுந்துவிடுகிறது. பன்னீர்செல்வத்தின் மேசைக்கு எந்தத் தாள் வந்திருந்தாலும் சரி, அவர் எடுத்த முடிவு சரபோஜி நடத்திக்காட்டிய முறைக்கு ஒத்ததுதான். திருவையாற்றில் தமிழ் வித்துவான் வகுப்பு தொடங்கியது. வடமொழிக் கல்லூரி என்ற அடையாளம் மாறி அரசர் கல்லூரி என்ற பெயர் நிலைபெற்றது. ஒரத்தநாட்டிலும் இராஜாமடத்திலும் சத்திர வருவாயில் மாணவர் விடுதிகள் நடந்தன. அதுவரை விடுதிப் பந்திக்கு வெளியே நின்ற சாதிகளின் பிள்ளைகள் உள்ளே வந்து உட்கார்ந்து உண்டு படித்தார்கள்.

அந்தப் பிள்ளைகளில் ஒருவர்தான் வாய்மேட்டு இலட்சுமணன். பள்ளியில் அவருடைய பெயரை இலக்குவன் என்று மாற்றியவர் தமிழாசிரியர் சாமிநாத பிள்ளை. திருவையாற்றில் 1936இல் வித்துவான் பட்டம் பெற்றார். அவர் அங்கே பயின்ற ஆண்டுகளில் கல்லூரி முதல்வராக இருந்தவர் பி. சா. சுப்பிரமணிய சாத்திரியார். தமிழாய்வுக்காகச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முனைவர் பட்டம் முதலில் பெற்றவர். தொல்காப்பியத்தை ஆங்கிலத்தில் பெயர்க்கும் பணியை 1930இலேயே எழுத்ததிகாரத்தோடு தொடங்கியவர். பதஞ்சலியின் மாபாடியத்தையும் ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தவர். இலக்குவனாரின் தொல்காப்பிய மொழிபெயர்ப்பு 1963இல் வந்தது. வடமொழி இலக்கணத்தின் வழியாகத் தொல்காப்பியத்தைப் பார்த்தார் முதல்வர். தமிழ் தனித்து நின்ற மொழி என்ற உறுதியோடு பார்த்தார் மாணவர். ஒரே நூலுக்கு எதிரெதிர்ப் பார்வையில் இரண்டு ஆங்கில மொழிபெயர்ப்புகள். இருவரும் ஒரே கல்லூரியில், ஒரே சத்திரக் கணக்கின் காசில் இருந்தவர்கள். இதைக் கண்டபோது ஆவணங்களோடு செலவிட்ட காலம் முழுவதற்கும் பொருள் கிடைத்ததாக உணர்ந்தேன்.

தஞ்சையில் அரசப் பெயர் தாங்கிய நிறுவனங்கள் இன்னும் பல. இராசா மிராசுதார் மருத்துவமனையோடு ஒரு காலத்தில் வேல்ஸ் இளவரசர் பெயரில் மருத்துவப் பள்ளி ஒன்று நடந்தது. இளவரசர் பெயர் போய்விட்டது. நன்கொடை தந்த மிராசுதார்களின் பெயர் நிற்கிறது. அரண்மனை வளாகத்தில் அரசர் மேல்நிலைப்பள்ளி இருக்கிறது. ஒவ்வொன்றின் பின்னாலும் இப்படி ஒரு கணக்கும் வழக்கும் கட்டாயம் இருக்கும். அவை தனித்தனியாக ஆராய வேண்டியவை.

சத்திர நிலங்களையும் கட்டடங்களையும் இன்றும் மாவட்ட நிர்வாகம் தனிப் பிரிவாகக் கவனித்துவருகிறது. ஆனால் சத்திரக் கல்வியின் கடைசி ஐம்பது ஆண்டு வரலாறு அரசுக் கோப்புகளில் மட்டும் இல்லை. அது டெல்டா மாவட்ட வீடுகளின் பரண்களில் இருக்கிறது. ஒரத்தநாடு, இராஜாமடம், திருவையாறு விடுதிகளில் தங்கிப் படித்தவர் உங்கள் தாத்தாவாகவோ தந்தையாகவோ இருந்தால், அவருடைய சேர்க்கைச் சீட்டு, நற்சான்றிதழ், விடுதிக் கணக்கு, குழுப்படம், கடிதம் எது கிடைத்தாலும் பழைய பேப்பர்க் கடைக்குப் போடாதீர்கள். படம் எடுத்து ஒரு நகலைச் சரசுவதி மகால் நூலகத்துக்கோ தமிழ்ப் பல்கலைக்கழகத்துக்கோ கொடுங்கள். வீட்டில் மராட்டி பேசும் தஞ்சை இளைஞர்களுக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். மோடி எழுத்தைக் கற்றுக்கொள்ளுங்கள். முக்தாம்பாள்புரத்துப் பள்ளியின் ஆசிரியர்கள் யார், பிள்ளைகள் யார் என்று சொல்லக்கூடிய காகிதங்கள் படிப்பாரின்றிக் கட்டுக்குள் இருக்கின்றன. அவற்றைப் பிரித்துப் படிக்க ஆள் வேண்டும்.